கண்ணுசாமி முதல் வேலூர்க் கைதி வரை: கண்டியின் கடைசி அரசரும் ஒரு சரத்தும்

கண்டி தலதா மாளிகை வளாகத்தில், செதுக்கிய மரத்தூண்களோடு மகுல் மடுவ என்ற அரசவை மண்டபம் நிற்கிறது. 1815 மார்ச் 2 அன்று அந்த மண்டபத்தில் ஓர் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. ஒரு பக்கத்தில் ஆளுநர் ரொபர்ட் பிரவுன்ரிக், மறுபக்கத்தில் கண்டியின் பிரதானிகள். 12 சரத்துகள் கொண்ட அந்த ஆவணத்தில் பாடசாலைப் புத்தகங்கள் நமக்குச் சொல்லித் தந்தது ஐந்தாம் சரத்தை. பௌத்த சமயத்தைப் பேணிக் காப்பதாகப் பிரித்தானியர் உறுதி கொடுத்த சரத்து அது. இன்றும் அரசியல் மேடைகளில் அது பேசப்படுகிறது.

மூன்றாம் சரத்தை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. பதவி இழந்த அரசரின் ஆண் உறவினர் அனைவரும், இரத்த உறவோ மண உறவோ, கண்டி அரசின் எதிரிகள் என்று அது அறிவித்தது. எழுத்துமூல அனுமதியின்றி அவர்கள் கண்டிப் பிரதேசத்துக்குள் நுழைந்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை. வெளியேற்றப்பட்ட மலபார் சாதி ஆண்கள் திரும்பி வருவதற்கும் அதே தடை. மலபார் என்பது அன்று ஐரோப்பியர் தமிழருக்கு வைத்திருந்த பெயர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1806இல், இதே பிரித்தானிய அரசு யாழ்ப்பாணத்து மலபார் குடிகளுக்கான வழக்கச் சட்டமாகத் தேசவழமையை ஏற்றிருந்தது. வடக்கில் சட்ட உரிமை கொடுத்த அதே சொல், மலைநாட்டில் நுழைவுத் தடையாக மாறியது.

அந்தச் சொல் கண்டியில் எப்படிக் குற்றமாக்கப்பட்டது என்பதை அறிய ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பின்தொடர வேண்டும். அவர் பிறந்தபோது பெயர் கண்ணுசாமி. ஆண்டபோது ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்.

கடல் இல்லாத இராச்சியம்

கண்ணுசாமி 1780இல் பிறந்தார். கண்டி அரச குடும்பம் மதுரை நாயக்கர்களோடு பல தலைமுறையாகப் பெண் எடுத்து வந்தது. 1739இல் ஆண் வாரிசு அற்றுப்போக, பட்டத்தரசியின் சகோதரர் ஸ்ரீ விஜய ராஜசிங்கனாக அரியணை ஏறினார். அன்று தொடங்கிய நாயக்கர் மரபில் நான்காவதும் கடைசியும் கண்ணுசாமி. இவர்களின் பூர்வீக மொழி தெலுங்கு, புழங்கிய மொழிகளில் ஒன்று தமிழ், ஆட்சி சிங்களத்தில். சைவப் பின்னணியில் வந்தவர்கள் பௌத்தத்தின் காவலர்களாக ஆண்டார்கள். 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதா மரபை மீட்டவர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். அவரும் நாயக்கரே. அப்படியிருந்தும் 1760இல் அவரைக் கொல்ல அரசவையிலேயே சதி நடந்தது. மலபார் அரசர் என்ற முறுமுறுப்பு கண்டியில் வெள்ளையர் வருமுன்னரே இருந்தது. வந்தவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள்.

கண்டியின் பெரிய பலவீனம் கடற்கரை இல்லாமை. 1766இல் ஒல்லாந்தர் அரசரைத் தோற்கடித்து, தீவைச் சுற்றியிருந்த கரையோரம் முழுவதையும் உடன்படிக்கையால் எடுத்துக்கொண்டார்கள். புத்தளம், சிலாபம் உப்பளங்களில் உப்பு எடுக்கும் உரிமை மட்டும் கண்டிக்கு மிஞ்சியது. உப்புக்குக்கூட அயலவனின் அனுமதி தேவைப்பட்ட அரசு அது. அதனால்தான் ஒரு வெளிச்சக்தியை இன்னொரு வெளிச்சக்தியால் விரட்டுவது கண்டியின் பழைய உத்தியாக இருந்தது. போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரை அழைத்தார்கள். ஒல்லாந்தரை விரட்ட ஆங்கிலேயரோடு பேசினார்கள்.

ஆங்கிலேயரின் கணக்கு வேறு. மதராசிலிருந்த கிழக்கிந்தியக் கம்பனிக்கு வங்காள விரிகுடாவில் புயலுக்கு ஒதுங்க ஒரு துறைமுகம் வேண்டும். அதைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துவிடக் கூடாது. திருகோணமலை அதற்கான இடம். 1762இல் ஜோன் பைபஸ், 1782இல் ஹியூ பொய்ட் என மதராஸ் தூதர்கள் கண்டி மலையேறினார்கள். 1795இல் திருகோணமலையும் யாழ்ப்பாணமும், 1796 பெப்ரவரியில் கொழும்பும் பிரித்தானியர் கைக்கு வந்தன. ஒல்லாந்தர் போன இடத்தில் அவர்களைவிடப் பலமான ஒருவர் வந்து அமர்ந்ததைக் கண்டி அப்போதுதான் உணர்ந்தது.

பதினெட்டு வயது அரசர்

1798இல் ராஜாதி ராஜசிங்கன் வாரிசின்றி இறந்தார். அரசியின் சகோதரர் முத்துசாமிக்கு அரியணையில் உரிமை இருந்தது. மகா அதிகாரம் பதவியிலிருந்த பிலிமத்தலாவ அவரை ஒதுக்கிவிட்டு 18 வயதுக் கண்ணுசாமியைத் தெரிந்தெடுத்தார். அனுபவமற்ற ஓர் இளைஞன் தன் கைப்பிடிக்குள் இருப்பான், காலப்போக்கில் அரியணையைத் தானே எடுக்கலாம் என்பது பிலிமத்தலாவவின் கணக்கு என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். முத்துசாமி தப்பிப் பிரித்தானியரிடம் போனார். ஆளுநர் பிரெட்ரிக் நோர்த்தின் கையில் இப்போது இரண்டு சீட்டுகள்: கண்டிக்குள் பேராசை கொண்ட ஓர் அமைச்சர், கண்டிக்கு வெளியே உரிமை கோரும் ஓர் இளவரசர்.

அந்த ஆண்டுகளில் பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1799 மே மாதம் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். அதே ஆண்டு தஞ்சாவூர் அரசர் ஆட்சியைக் கம்பனியிடம் ஒப்படைத்தார். அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் ஆற்காடு நவாபின் நாடு கம்பனிக்குப் போனது. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். முதலில் நட்பு ஒப்பந்தம், பிறகு பாதுகாப்புக்கென்று கம்பனிப் படை, பிறகு படைச் செலவுக்கு வரி, கடைசியில் நாடு. இதே மருந்தைத்தான் நோர்த் கண்டிக்கும் கொண்டுவந்தார். பிலிமத்தலாவவோடு இரகசியப் பேச்சு நடத்தினார். 1800இல் தளபதி மக்டோவலைத் தூதுவர் என்ற பெயரில் பெரும்படையோடு கண்டிக்கு அனுப்பினார். கண்டியில் பிரித்தானியப் படை நிற்பதற்கு அரசர் இணங்கவில்லை. தஞ்சாவூர் அரசர் கொடுத்ததை இருபது வயது கண்டி அரசர் கொடுக்க மறுத்தார் என்பதை அவருடைய வாழ்க்கைக் கதையில் தனியே குறித்துவைக்க வேண்டும்.

வட்டபுளுவையில் ஒரு மரம்

சண்டைக்குக் காரணம் பாக்கில் கிடைத்தது. பிரித்தானியப் பகுதி வணிகர்களின் பாக்கைக் கண்டி அதிகாரிகள் பறித்தார்கள். நட்டஈடு கேட்ட நோர்த் 1803 தொடக்கத்தில் கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் படைகளை அனுப்பினார். அவை நுழைந்தபோது கண்டி நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. அரசர் மலைகளுக்குள் போயிருந்தார். முத்துசாமியை அரசராக அமர்த்தினார்கள், ஆனால் அவரை ஏற்க ஆளில்லை. மழையும் காய்ச்சலும் படையைத் தின்றன. யூன் 24 அன்று எஞ்சியிருந்த படையோடு மேஜர் டேவி சரணடைந்து நகரைவிட்டு வெளியேறினார்.

வட்டபுளுவையில் மகாவலி பெருக்கெடுத்து ஓடியதால் கடக்க முடியவில்லை. முத்துசாமியை ஒப்படைத்தால் வழிவிடுவோம் என்று அரசரின் ஆட்கள் கேட்டார்கள். டேவி ஒப்படைத்தார். முத்துசாமி கொல்லப்பட்டார். அடுத்து, ஆயுதம் களைந்த படையினரும் கொல்லப்பட்டார்கள். டேவி கைதியாகவே கண்டியில் பல ஆண்டுகள் வாழ்ந்து இறந்தார்.

வட்டபுளுவை இன்று கண்டி நகரோடு ஒட்டிய குடியிருப்பு. டேவியின் மரம் என்று அந்த இடத்துக்குப் பெயர். ஆயுதத்தைக் கீழே போட்டுச் சரணடைந்தவர்களுக்கு நடந்ததை எந்தப் பக்கத்தவர் செய்தாலும் நம்மால் எளிதாகக் கடந்துபோக முடியாது. நாங்கள் அந்தக் கேள்வியோடு வாழ்கிறவர்கள். அங்கே நின்றபோது என் மனதில் நின்றவர் முத்துசாமி. தன் உரிமையைப் பெற்றுத்தருவார் என்று ஒரு வல்லரசை நம்பிப் போனவர், அந்த வல்லரசுக்கு நெருக்கடி வந்தபோது ஆற்றங்கரையில் வைத்துக் கைமாற்றப்பட்டார்.

ஏரியும் குளமும்

அரசர் ஒரு வல்லரசைத் தோற்கடித்தார். அந்த வெற்றிக்குப் பிறகு அவர் கட்டியவை இன்றைய கண்டியின் முகம். வயல்வெளியை மறித்து 1807 முதல் 1812 வரை வெட்டிய கண்டி ஏரி, அதைச் சுற்றிய அலை மதில், தலதா மாளிகையின் எண்கோண மண்டபம். தேவேந்திர மூலாச்சாரி என்ற சிற்பாசாரியின் பெயரோடு இவை நினைக்கப்படுகின்றன. உல்லாசப் பயணிகள் இவற்றைத்தான் படமெடுக்கிறார்கள். ஆனால் ஏரியை வெட்டியவர்கள் இராஜகாரியம் என்ற கட்டாய உழைப்புக்கு இழுத்துவரப்பட்ட குடியானவர்கள். அவர்களை அனுப்ப வேண்டியிருந்த பிரதானிகளும் சினந்தார்கள். பிரதானிகளின் அதிகாரத்தை வெட்டிக் குறைக்க அரசர் முயன்றது அந்தச் சினத்தை வளர்த்தது.

1811இல் அரசரைக் கொல்ல முயன்றதாகப் பிலிமத்தலாவ சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய இடத்துக்கு எஹலப்பொல வந்தார். 1814இல் சப்ரகமுவையில் எஹலப்பொல கிளர்ந்தெழுந்து, தோற்று, பிரித்தானியரிடம் தப்பி ஓடினார். பணயமாகக் கண்டியில் இருந்த அவருடைய குடும்பத்தின் மீது அரசர் பழி தீர்த்தார். சிறு பிள்ளைகள் வெட்டப்பட்டார்கள். மனைவி குமாரிஹாமி போகம்பறைக் குளத்தில் மூழ்கடிக்கப்பட்டார். அண்ணன் தயங்கியபோது தானே முன்வந்து கழுத்தைக் கொடுத்ததாகச் சொல்லப்படும் மத்தும பண்டாரவுக்குக் கண்டியில் சிலை இருக்கிறது. அந்தக் குளம் தூர்ந்து, அங்கே இன்று விளையாட்டரங்கு இருக்கிறது.

தமிழில் இந்த அரசரைப் பற்றி எழுதும் சிலர் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள், அல்லது எல்லாம் வெள்ளையனின் கட்டுக்கதை என்கிறார்கள். கொலைகள் கட்டுக்கதை இல்லை. தகப்பன் செய்ததற்காகப் பிள்ளைகளைக் கொன்றதற்கு எந்த நியாயமும் இல்லை. பிரித்தானியர் அந்தக் கொலைகளை எடுத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பது தனிக்கதை. நாம் கவனிக்க வேண்டியது அதையும்தான்.

டொய்லியின் வேலை

ஜோன் டொய்லி கேம்பிரிட்ஜில் படித்தவர். மாத்தறையில் ஒரு பிக்குவிடம் சிங்களம் கற்று, பிரித்தானிய அரசின் தலைமை மொழிபெயர்ப்பாளர் ஆனார். பிக்குகள், வணிகர்கள், தப்பி வந்தவர்கள் வழியாகக் கண்டிக்குள் ஓர் ஒற்றர் வலையைப் பின்னினார். யாருக்கு அரசர் மேல் கோபம், யாருக்குப் பயம், யாருக்கு ஆசை என்று நாள் தவறாமல் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1803இல் பீரங்கியால் முடியாதது இந்தக் குறிப்புகளால் முடிந்தது.

1814 கடைசியில் பிரித்தானியப் பகுதி வணிகர் சிலர் ஒற்றர்கள் என்று கண்டியில் அங்கச்சேதம் செய்யப்பட்டார்கள். 1815 ஜனவரியில் பிரவுன்ரிக் போர் அறிவித்தார். மலபார் கொடுங்கோலனிடமிருந்து கண்டி மக்களை மீட்பதே நோக்கம் என்று அறிவிப்புச் சொன்னது. துறைமுகமும் பாதையும் வாணிபமும் அந்த வாசகத்துக்குப் பின்னால் மறைந்தன. மக்களைக் காக்கப் படையெடுப்பது என்பது நம் காலத்துக்குப் புதிதில்லை என்பதை நான் ஊடகக் கல்வியில் படித்தபோது பல நாடுகளின் உதாரணங்களில் பார்த்திருக்கிறேன். கண்டியில் அதற்கு மேலும் ஒன்று நடந்தது. ஓர் அரசரின் கொடுமை, அவருடைய இனத்தின் இயல்பாக எழுதப்பட்டது.

எதிர்ப்பு ஏறக்குறைய இருக்கவில்லை. மொல்லிகொட உள்ளிட்ட பிரதானிகள் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். பெப்ரவரி 14இல் படை கண்டிக்குள் நுழைந்தது. 18ஆம் திகதி மெதமகநுவரவில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்த அரசரை எக்னெலிகொடவின் ஆட்கள் பிடித்தார்கள். அவரைக் கட்டினார்கள், அரசிகளின் நகைகளைப் பறித்தார்கள். பிடித்தவர்கள் எல்லாரும் அவருடைய நாட்டவர்கள்.

மகியங்கனைப் பாதையில் தெல்தெனியாவைத் தாண்டினால் மெதமகநுவர வரும். அரசர் பிடிபட்ட இடத்தில் ஒரு நினைவுக்கல் உண்டு. வழி காட்டிய முதியவர் ஒருவர் சிங்களத்தில் நீண்ட நேரம் பேசினார். அரசர் கெட்டவரா என்று கேட்டேன். பெரியவர்கள் காட்டிக்கொடுத்தார்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பேச்சில் மலபார் என்ற சொல் வரவே இல்லை.

வேலூர்

இதற்கு இரண்டு வாரங்களுக்குப் பிறகுதான் மகுல் மடுவவில் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. அதில் கையொப்பமிட்ட பிரதானிகளில் சிலர் தமிழெழுத்தில் ஒப்பமிட்டார்கள் என்பது தமிழர் நடுவே விருப்பத்தோடு பேசப்படும் விடயம். எந்த எழுத்தில் இட்டாலும் அவர்கள் ஒப்பமிட்டது மூன்றாம் சரத்துக்கும் சேர்த்துத்தான். அந்தச் சரத்து யாரைப் பற்றியதோ அவர்களில் ஒருவரும் அந்த மண்டபத்தில் பேசும் இடத்தில் இருக்கவில்லை.

1816 ஜனவரி 24 அன்று அரசரும் குடும்பமும் கொழும்பில் கப்பலேற்றப்பட்டார்கள். மதராஸ் வழியாக வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். அதே கோட்டையில்தான் திப்புவின் குடும்பத்தை அடைத்து வைத்திருந்தார்கள். 1806இல் அங்கு சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு அவர்கள் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டார்கள். தோற்ற அரசர்களை வைத்திருக்க ஒரே கோட்டை, ஒரே முறை. பதினாறு ஆண்டுகள் அங்கு வாழ்ந்து 1832 ஜனவரி 30 அன்று, 52 வயதில் அவர் இறந்தார். சிறையிருப்பில் பிறந்த மகன் 1843இல் வாரிசின்றி இறந்தார். பாலாற்றங்கரையில் அவர்களின் கல்லறைகள் உள்ளன. தமிழ்நாடு அரசு பின்னாளில் அங்கு முத்து மண்டபம் கட்டியது.

அவரை விற்றவர்களுக்கும் வெகுகாலம் கிடைக்கவில்லை. 1817இல் ஊவா வெல்லஸ்ஸவில் கிளர்ச்சி வெடித்தது. அதை வழிநடத்த வந்தவர் தன்னை நாயக்கர் குலத்து துரைசாமி என்று சொல்லிக்கொண்டார். மலபார் அரசரை விரட்டிய மூன்றே ஆண்டில் மலபார் பெயர் சொன்னவருக்குப் பின்னால் சிங்களக் கிராமங்கள் எழுந்தன. கிளர்ச்சி நசுக்கப்பட்டது. கெப்பெட்டிப்பொல போகம்பறையில் தலை வெட்டப்பட்டார். 1818 நவம்பரில் வந்த பிரகடனம் பிரதானிகளின் அதிகாரத்தைப் பறித்தது. அரசராகும் கனவோடு பிரித்தானியரை அழைத்து வந்த எஹலப்பொல மொரிஷியசுக்கு நாடு கடத்தப்பட்டு 1829இல் அங்கேயே இறந்தார்.

சரத்து எங்கே போனது

மூன்றாம் சரத்தில் இன்னொரு திருப்பமும் உண்டு. 1820களில் கம்பளையிலும் கன்னொருவையிலும் பிரித்தானியர் கோப்பி பயிரிட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாய்க் கூட்டி வந்தார்கள். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை தொடங்கிய பிறகு அது பெருவெள்ளமானது. தமிழர் நுழையக் கூடாது என்று எழுதிய அதே கை, தனக்குத் தேவைப்பட்டபோது தமிழரைக் கொண்டுவந்தது. இரண்டு முறையும் தமிழரிடம் கேட்கவில்லை.

பிறகு 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டு 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். எஞ்சிய 150,000 பேரைப் பத்து ஆண்டு கழித்துப் பாதியாகப் பங்கிட்டார்கள். 1987 யூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் செய்த ஒப்பந்தம் நம்முடைய போரைப் பற்றியது. அதோடு பரிமாறிய கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்த் தாங்கிகளும் இருந்தன. தமிழர் தரப்புக்கு அதில் ஒப்பமிடும் இடம் இருக்கவில்லை. 1762இல் பைபஸ் எதைத் தேடி மலையேறினாரோ அதே துறைமுகம்.

இன்று கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது. ஹம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017 முதல் 99 ஆண்டுக் குத்தகையில் சீன நிறுவனத்திடம் இருக்கிறது. நமது அரசியல்வாதிகள் டெல்லிக்கும் வொஷிங்டனுக்கும் ஜெனீவாவுக்கும் மனுக்களோடு போகிறார்கள். போக வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை. 2009க்குப் பிறகு காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தட்டாத கதவு எது? ஆனால் வளரும் வல்லரசு அயல்நாட்டுக்குள் வரும்போது அங்கே உள்ள மனக்குறையைத்தான் முதலில் தேடும். குறை உண்மையானதாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. முத்துசாமியின் உரிமை உண்மை. எஹலப்பொலவின் பிள்ளைகளின் இரத்தம் உண்மை. இரண்டுமே லண்டனின் கணக்கில் வரவு வைக்கப்பட்டன. எனவே எந்த மேசையில் பேசினாலும், யார் ஒப்பமிடுகிறார்கள், நம்மைப் பற்றிய சரத்து எது, அதை எழுதியவர் யார் என்று ஒவ்வொரு முறையும் கேட்கும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.

1948 பெப்ரவரி 4 அன்று சுதந்திரத்தின் அடையாளமாக ஏற்றப்பட்டது ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுடையதென்று அறியப்பட்ட சிங்கக் கொடி. பின்னர் அதில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமென இரண்டு நிறக் கோடுகளைச் சிங்கத்துக்கு வெளியே சேர்த்தார்கள். கொடிக் குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன் அதற்கு உடன்பட மறுத்தார். மலபார் என்று நாட்டைவிட்டே விரட்டப்பட்டவரின் கொடி இன்று சிங்கள அரசின் கொடியாகவே நம்மில் பலரால் பார்க்கப்படுகிறது. வேலூரில் அவர் கல்லறைக்குப் போகும் நம்மவர்கள் அவரைத் தமிழ் மன்னர் என்கிறார்கள். கண்டியில் அவர் சிங்களத்தின் கடைசி அரசர். கண்ணுசாமியாகப் பிறந்து விக்கிரம ராஜசிங்கனாக ஆண்டவர் இந்த இரண்டுமாக ஒரே நேரத்தில் இருந்தார். அப்படி இருப்பதைக் குற்றமாக்கிய ஆவணம் 1815இல் கண்டியில் ஒப்பமிடப்பட்டது. அதன் மூன்றாம் சரத்தையும் நமது பிள்ளைகளின் வரலாற்றுப் பாடத்தில் சேர்க்க வேண்டும்.